வண்டியின் பின்பக்கத்தை உயர்த்தக் கடன் கேட்டால் குழு என்ன கேட்க வேண்டும்?



கறவை மாட்டுக்குக் கடன் கேட்டு விண்ணப்பம் வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். எத்தனையாவது ஈத்து, எவ்வளவு பால், மடியில் நோய் உண்டா என்று நூறு கேள்வி கேட்போம். தையல் மிஷின் என்றாலும் அப்படித்தான். ஆனால் வண்டி என்று வந்துவிட்டால், "அது ஆம்பளைங்க சமாச்சாரம், நமக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். கடனுக்குப் பொறுப்பு மட்டும் நம் எல்லோருக்கும்!

முடிச்சூரில் நம் குழு ஒன்றுக்கு இப்படி ஒரு விண்ணப்பம் வந்தது. அதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டதை எல்லாக் குழுக்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறோம்.

விண்ணப்பம் வந்த கதை

அந்தக் குழுவில் ஒரு சகோதரியின் குடும்பம் பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கிறது. வங்கிக் கடனில் அவர் பங்கைக் கொண்டு வாங்கிய வண்டி. பந்தல் சாமான், சமையல் பாத்திரம், காய்கறி மூட்டை என்று ஏற்றி மகன் ஓட்டுகிறான். மாதத் தவணை அந்த வண்டி ஓட்டத்திலிருந்துதான் வருகிறது.

2021 நவம்பர் மழையில் தெருவில் தண்ணீர் நின்று வண்டி கிடையாகக் கிடந்தது. அடுத்த வருடம் ஆரம்பத்தில் அந்த அக்கா உள்கடன் கேட்டார். "பின்னாடி நீளமான ஸ்பிரிங் பட்டை போட்டு வண்டியைத் தூக்கிட்டா தண்ணியிலயும் போகலாம், லோடும் கூட ஏத்தலாம்னு பையன் சொல்றான்" என்றார்.

முடிச்சூர்க்காரர்களுக்கு இது நியாயமாகத்தான் பட்டது. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் உபரி நீர் அடையாறு வழியாக நம்மைத் தாண்டித்தான் போக வேண்டும். 2015-ல் தெருவில் படகு வந்ததைப் பார்த்தவர்கள் நாம். யார்தான் வண்டி உயரமாக இருக்கக் கூடாது என்று சொல்வார்கள்?

இருந்தாலும் பிரதிநிதி ஒரு கேள்வி கேட்டார்: "பட்டைன்னா என்ன? அதை நீளமாப் போட்டா வண்டி ஏன் உயருது?" யாருக்கும் பதில் தெரியவில்லை. தெரியாமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று பதினைந்து நாள் தள்ளி வைத்தோம். பையனுக்குக் கோபம். "உங்க குழு என்ன மெக்கானிக் ஷாப்பா?" என்று அம்மாவிடம் சத்தம் போட்டான். அந்த அக்கா இரண்டு பக்கமும் பேச முடியாமல் தவித்தார். நாங்கள் இரண்டு பட்டறைகளுக்குப் போய், வயதான மெக்கானிக் அண்ணன்களிடம் உட்கார்ந்து கேட்டோம்.

பட்டை என்றால் என்ன?

குட்டி யானை, பிக்கப், லாரி எதுவானாலும் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். வில் போல வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி இருக்கும். மேலே இருப்பது நீளம். கீழே போகப் போக நீளம் குறையும். மேலே உள்ள நீளப் பட்டைக்கு மெயின் பட்டை என்று பேர். இரண்டு நுனியும் சுருண்டு கண் போல இருக்கும்.

முன்னால் உள்ள கண் வண்டியின் சேஸிஸில் பின் போட்டு மாட்டப்பட்டிருக்கும். அது நகராது. பின்னால் உள்ள கண் மட்டும் ஷேக்கிள் என்ற சின்ன இரும்புத் துண்டில் தொங்கும். அந்த ஷேக்கிள் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடும். ஏன் ஆட வேண்டும்? பாரம் ஏறினால் வளைந்த பட்டை நிமிரும். நிமிர்ந்தால் இரண்டு கண்ணுக்கும் இடையே உள்ள தூரம் கூடும். அந்தக் கூடுதல் தூரத்துக்கு இடம் கொடுப்பதுதான் ஷேக்கிள்.

நடுவில் பட்டைகளை ஒன்றாகப் பிடிப்பது சென்டர் போல்ட். பட்டையை ஆக்சிலோடு இறுக்கிக் கட்டுவது யு வடிவ போல்ட். இவ்வளவுதான் அமைப்பு. மாட்டு வண்டிக்கு அச்சு எப்படியோ, இந்த வண்டிக்கு ஆக்சில் அப்படி. அதற்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே மெத்தை போல இருப்பது பட்டை.

நீளம் கூடினால் என்ன ஆகும்?

வாய்க்கால் மேல் பலகை போட்டு நடந்திருப்பீர்கள். சின்ன வாய்க்காலுக்குப் போட்ட பலகை வளையாது. அதே தடிமன் பலகையை அகலமான வாய்க்காலுக்குப் போட்டால் நடுவில் தொய்யும். பட்டையும் இதே கணக்குதான்.

அகலம், தடிமன், எண்ணிக்கை மாறாமல் நீளத்தை மட்டும் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், பட்டையின் விறைப்பு சுமார் நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். முன்பு ஒரு பாரத்துக்கு 3 அங்குலம் இறங்கிய வண்டி, இப்போது அதே பாரத்துக்கு 4 அங்குலம் இறங்கும். "நீளப் பட்டை போட்டால் பலம் கூடும்" என்று நாங்கள் நினைத்தது தலைகீழ் என்று அப்போதுதான் புரிந்தது.

அப்படியானால் உயரம் எதிலிருந்து வருகிறது? வளைவிலிருந்து. வண்டியை உயர்த்தவென்று விற்கிற பட்டைகள் நீளத்தோடு வளைவும் அதிகமாகச் செய்யப்பட்டவை. வளைவு உடம்பை மேலே தூக்கும். நீளம், சக்கரம் அதிக தூரம் ஏறி இறங்க இடம் கொடுக்கும்.

கரடுமுரடான பாதையில் ஜீப் ஓட்டுபவர்கள் இதற்காகத்தான் இந்த வேலையைச் செய்கிறார்கள். பழைய ஜீப்பிலும், 1985-ல் வந்த மாருதி ஜிப்சியிலும் நாலு சக்கரத்துக்கும் பட்டைதான். பள்ளம் வரும்போது ஒரு சக்கரம் கீழே தொங்கி மண்ணைத் தொட வேண்டும். அந்தரத்தில் நின்றால் வண்டி நகராது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதாவது, நீளப் பட்டை பள்ளத்தில் சக்கரம் மண்ணை விடாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு. மூட்டை ஏற்றுவதற்காக வந்தது இல்லை.

ஒன்றை மாற்றினால் ஒன்பதை மாற்ற வேண்டும்

பட்டையை மட்டும் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது என்று பையன் சொல்லியிருந்தான். பட்டறை அண்ணன் விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

ஷேக்கிள்: பட்டை நீளமானால் பின்பக்கக் கண் இன்னும் பின்னால் போகும். ஷேக்கிள் மாட்டும் தாங்கியை சேஸிஸில் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். அப்படியே விட்டால் ஷேக்கிள் ஒரேயடியாகப் பின்னால் சாய்ந்து சேஸிஸில் முட்டும். ஆட இடம் இல்லாமல், குழியில் விழும் அடி நேராக உடம்புக்குப் போகும்.

சென்டர் போல்ட்: முன் கண்ணிலிருந்து சென்டர் போல்ட் வரை உள்ள தூரம் மாறினால் பின் ஆக்சிலே இடம் மாறிவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லாவிட்டால் வண்டி நண்டு மாதிரி கோணலாக ஓடும். டயர் தேயும்.

புரோப்பல்லர் ஷாஃப்ட்: இன்ஜின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டு போகும் நீளத் தண்டு இது. உடம்பு உயர்ந்தால் தண்டு அதிகம் சாயும். இணைப்பில் உள்ள கிராஸ் சீக்கிரம் தேய்ந்து சத்தமும் அதிர்வும் வரும்.

ஷாக் அப்சர்பர்: பழையது நீளம் போதாது. சக்கரம் கீழே இறங்கும்போது அதுவே கயிறு மாதிரி இழுத்துப் பிடிக்கும். கடைசியில் மாட்டிய இடம் பிய்ந்துவிடும்.

பிரேக் ரப்பர் ஹோஸ், கைபிரேக் கேபிள்: இவையும் இழுபடும். ஹோஸ் பிய்ந்தால் பிரேக் இல்லை.

பிரேக் வால்வு: சில வண்டிகளில் பின் ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைத்த வால்வு இருக்கும். உடம்பு தாழ்ந்தால் லோடு இருக்கிறது என்று புரிந்துகொண்டு பின் பிரேக்கைக் கூட்டும். உடம்பு உயர்ந்தால் காலி வண்டி என்று குறைக்கும். பட்டையால் உயர்த்திய வண்டியில் இந்த வால்வைச் சரிசெய்யாமல் விட்டால், முழு லோடு ஏற்றிய பிறகும் வண்டி காலி என்றே அது கணக்குப் போடும். நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது.

ஸ்டியரிங், ஹெட்லைட்: பின்னால் மட்டும் உயர்த்தினால் வண்டி மூக்கைக் குனிந்து நிற்கும். வெளிச்சம் பக்கத்திலேயே விழும். வேகத்தில் ஸ்டியரிங் நேராக நிற்காமல் அலையும்.

சாய்வு: குடத்தை இடுப்பில் வைத்துத் திரும்புவதற்கும், தலையில் வைத்துத் திரும்புவதற்கும் வித்தியாசம் நமக்குத் தெரியும். உயர்த்திய வண்டி தலையில் குடம் வைத்த மாதிரி. வளைவில் கவிழ வாய்ப்பு அதிகம்.

யு போல்ட்: பட்டை மாற்றினால் யு போல்ட்டும் புதிதாகப் போட வேண்டும். ஒருமுறை முறுக்கி நீண்ட போல்ட் மறுபடி அதே பிடி பிடிக்காது. போட்ட பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, திரும்ப வந்து முறுக்கிப் பார்க்க வேண்டும்.

பட்டை வேலை வீட்டு வாசலில் செய்யும் வேலையும் கிடையாது. வளைந்த இரும்பு இறுக்கத்தில் இருக்கும், கழற்றும்போது துள்ளும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. சேஸிஸுக்குத் தனி ஸ்டாண்டு, ஆக்சிலுக்குத் தனித் தாங்கல், முன் சக்கரத்துக்கு அடைகல் எல்லாம் வேண்டும். நம் பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

தண்ணீருக்கு உதவுமா?

எங்களுக்கு முக்கியமாக இருந்த கேள்வி இதுதான். பதில் எங்களை யோசிக்க வைத்தது.

பட்டை மாற்றினால் உயர்வது உடம்பு மட்டும். சக்கரமும் ஆக்சிலும் பழைய இடத்திலேயே இருக்கும். ஆக்சிலை உயர்த்த வேண்டும் என்றால் பெரிய டயர்தான் போட வேண்டும். இன்னொன்று, இந்த பிக்கப்பில் இன்ஜின் முன்னால் இருக்கிறது. அது காற்று இழுக்கும் குழாயும் முன்னால்தான். தண்ணீர் அந்தக் குழாய் வழியாக உள்ளே போனால் இன்ஜின் போச்சு. பின்பக்கத்தை மட்டும் தூக்கினால் அந்தக் குழாய் துளியும் உயராது. மூக்கு குனிவதால் கொஞ்சம் தாழத்தான் செய்யும்!

ஓடுகிற தண்ணீர் இன்னும் மோசம். ஒரு அடி ஆழத்தில் வேகமாக ஓடும் தண்ணீர் சிறிய காரை நகர்த்தும். 2 அடி என்றால் ஜீப், பிக்கப் போன்றவற்றையும் அடித்துக்கொண்டு போகும். தண்ணீர் வண்டியைக் கீழிருந்து மேலே தூக்கும். தூக்கினால் டயருக்குத் தரையில் பிடி இருக்காது. "வண்டி உயரமா இருக்கு, போயிடலாம்" என்ற தைரியம்தான் ஆளைக் கொல்லும் என்று அந்த அண்ணன் சொன்னார்.

லோடுக்கு உதவுமா?

உதவாது. பட்டையை விறைப்பாக்கினாலும், கூடுதலாக ஒரு பட்டை சொருகினாலும் வண்டி கீழே இறங்குவது குறையும், அவ்வளவுதான். ஆக்சில், டயர், பிரேக், ரிம் எல்லாம் பழைய பலத்திலேயே இருக்கும். ஆர்.சி.யில் லோடோடு சேர்த்து மொத்த எடையும், காலி வண்டியின் எடையும் எழுதியிருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் நாம் ஏற்றலாம் என்ற அளவு, ஓட்டுநரையும் சேர்த்து. பட்டை மாற்றினால் அந்தக் கணக்கு மாறாது.

சட்டமும் இன்சூரன்சும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதிக லோடு ஏற்றினால் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், லோடை இறக்கும் செலவும் நம்முடையது.

"உரிமையாளர்" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். ஆர்.சி. யார் பேரில் இருக்கிறதோ அவர்தான். ஓட்டுகிற பையன் இல்லை. அந்த அக்காவின் வண்டி அவர் பேரில்தான் இருந்தது.

இன்சூரன்சும் அப்படியே. சொல்லாமல் செய்த மாற்றம் விபத்தில் தெரிந்தால், பணம் கொடுப்பதில் தகராறு வரும். வண்டி போய், இன்சூரன்சும் வராமல், தவணை மட்டும் நின்றால் யார் கட்டுவது? மற்ற உறுப்பினர்களின் சேமிப்புதான் போகும்.

பட்டறையில் தெரிந்த உண்மை

கேட்டுக்கொண்டே வந்த மெக்கானிக் அண்ணன் கடைசியில், "அம்மா, வண்டியை முதல்ல கொண்டு வாங்க, பாக்கலாம்" என்றார். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கொண்டு வந்தான்.

காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து தொட்டியின் அடி விளிம்பு வரை தையல் டேப்பால் அளந்தோம். இடது பக்கம் வலது பக்கத்தைவிட ஒரு விரல் தாழ்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தால், இடது பக்கத்தில் மூன்றாவது பட்டை உடைந்து கிடக்கிறது. இரண்டு பக்கமும் பட்டைகள் வளைவு போய்ப் படுத்துவிட்டன. ஷேக்கிள் புஷ் தேய்ந்து போயிருந்தது. வண்டி தாழ்வாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். பையன் உடைந்த பட்டையைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தான். பந்தல் கம்பி ஏற்றிக்கொண்டு அதோடுதான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறான்.

கம்பெனி அளவிலேயே இரண்டு பக்கமும் புதுப் பட்டை செட்டு, புது யு போல்ட், புஷ் போடக் குழு கடன் கொடுத்தது. முதலில் கேட்ட தொகையில் பாதிக்கும் குறைவு. வண்டி பழைய உயரத்துக்கு வந்தது.

தண்ணீருக்கு என்ன வழி? மழை எச்சரிக்கை வந்தால் வண்டியை முன்கூட்டியே மேட்டுத் தெருவுக்குக் கொண்டுபோய் நிறுத்துவது என்று தீர்மான நோட்டில் எழுதினோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது, 3-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை பகலிலேயே பையன் வண்டியை எடுத்துப் போய்விட்டான். மறுநாள் அந்த அக்கா வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அரிசி, துணி, கட்டில் எல்லாம் நனைந்தது. வண்டி நனையவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு தெருக்காரர்களின் சாமான்களை ஏற்றி இறக்கியது அந்த வண்டிதான். அந்த மாதத் தவணையும் தவறாமல் வந்தது.

வண்டி வேலைக்குக் கடன் கேட்டால் நாம் கேட்க வேண்டியவை

1. வண்டியைப் பட்டறையில் தூக்கிப் பார்த்தார்களா? என்ன பழுது என்று எழுதி வாங்கினார்களா?

2. போடப்போவது கம்பெனி அளவா, வேறு அளவா? வேறு அளவு என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி உண்டா?

3. இரண்டு பக்கமும் மாற்றுகிறார்களா? ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் வண்டி சாயும்.

4. யு போல்ட், புஷ் செலவு மதிப்பீட்டில் இருக்கிறதா?

5. இன்சூரன்சு நடப்பில் இருக்கிறதா? ஆர்.சி. யார் பேரில்?

6. மழைக்காலத்தில் வண்டியை எங்கே நிறுத்துவார்கள்?

மாதம் ஒருமுறை தையல் டேப்பை எடுத்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். பட்டைகளுக்கு இடையில் விரிசலோ, ஒரு இடத்தில் மட்டும் துரு வரியோ தெரிந்தால் உடனே பட்டறைக்கு அனுப்புங்கள். இதற்கு மெக்கானிக் படிப்பு வேண்டாம், குனிந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும்.

மாட்டின் மடியைத் தொட்டுப் பார்க்காமல் நாம் கடன் கொடுப்பதில்லை. வண்டியின் அடியையும் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுவோம். உங்கள் குழுவில் இதுபோல அனுபவம் இருந்தால் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள், எல்லோரும் தெரிந்துகொள்வோம்.